மபூசேயின் மறுவருகை: அச்சப் படங்களின் தொடர்ச்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அச்சம் மாந்தர் விலக்க விரும்பும் உணர்ச்சி. எனினும் அதனைக் காசு கொடுத்து வாங்கி, இருளில் அமர்ந்து நுகர்ந்து, அதே அச்சத்தின் இரண்டாம் பாகம் எப்போது வருமெனக் கேட்டு நிற்கும் வழக்கத்தைத் திரைப்படம் தோற்றுவித்தது. கற்றோர் பலர் இத்தகைய படங்களை ஆராய்ச்சிக்குரியனவாகக் கொள்வதில்லை. அவற்றின் தொடர்ச்சிப் படங்களையோ வெறும் வாணிகமென ஒதுக்கிவிடுவர். வாணிகம் என்பது உண்மையே. முதற் படம் பணம் ஈட்டாவிடின் இரண்டாவது எழுவது அரிது. ஆனால் வாணிகத்தின் பொருட்டுப் பிறந்த ஒன்று வரலாற்றுச் சான்றாகாது என யார் கூறினார்? நாணயங்களும் வாணிகத்தின் பொருட்டே அடிக்கப்பட்டன. அவற்றைக் கொண்டன்றோ அரசர் பலரின் காலநிரலை வகுக்கின்றோம். ஒரே அச்சக் கதை நாற்பதாண்டுக் காலத்தில் மீண்டும் மீண்டும் திரைக்கு வந்தபோது அது எவ்வாறு மாறியது என்பதை ஜேர்மனிய நாட்டுப் படங்கள் சிலவற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதலாம் உலகப் போரிலே தோல்வியுற்ற ஜேர்மனியின் தலைநகராகிய பேர்லினில், 1920ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆந் திகதி, “டொக்டர் காலிகாரியின் காட்சிக்கூடம்” என்னும் மௌனப்படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. நெறியாள்கை செய்தவர் றொபேட் வீனே. ஊர்ச் சந்தைக்கு வரும் வித்தைக்காரனொருவன், ஓயாது உறங்கும் சேசாரே என்பவனைப் பெட்டியில் வைத்துக் காட்டுகிறான். இரவிலே அவனை ஏவிக் கொலை செய்விக்கிறான். படத்தில் வரும் வீடுகளும் வீதிகளும் கோணலாய் நிற்பன. நிழல்கள் பல விளக்கொளியால் விழுந்தனவல்ல. சீலையிலும் தரையிலும் வர்ணத்தால் தீட்டப்பட்டவை. இக்கோணலுக்குரிய காரணம் இறுதியிலேதான் புலனாகும். கதையைக் கூறிவந்த பிரான்சிஸ் என்னும் இளைஞன் மனநோய் வைத்தியசாலையில் உள்ளவன். காலிகாரி என அவன் அஞ்சும் மனிதர் அவ்வைத்தியசாலையின் தலைவர். கண்டவை யாவும் பித்தனொருவனின் உலகமோ, அன்றி அவனொருவனே உண்மையறிந்தவனோ என்னும் ஐயத்தோடு பார்ப்பவர் எழுந்து செல்லவேண்டியதுதான். மதியை மயக்கும் படங்களெனப் பிற்காலத்தார் கொண்டாடும் வகைக்கு இதனை மூத்த முன்னோடியெனக் கொள்ளலாம்.

இம்முடிவு பெரியதொரு வாதத்திற்கு இடமாயிற்று. ஹிற்லரின் ஆட்சிக்குத் தப்பி அமெரிக்கா சென்ற சீக்பிரீட் கிரக்கவர் என்னும் அறிஞர், காலிகாரியிலிருந்து ஹிற்லர் வரையுள்ள காலத்து ஜேர்மனியப் படங்களைப் பற்றி 1947இல் ஒரு நூல் வெளியிட்டார். கதாசிரியர் இருவருள் ஒருவராகிய ஹான்ஸ் ஜனோவிற்ஸின் கையெழுத்துக் குறிப்பையே அவர் பெரிதும் நம்பினார். அதிகாரமே பித்துக்கொண்டது எனக் காட்டுவதே மூலக் கதையின் நோக்கம்; வைத்தியசாலைப் புறக்கதையைப் பிறர் வலிந்து சேர்த்தமையால், அதிகாரத்தை எதிர்ப்பவனே பித்தன் எனக் கருத்துத் தலைகீழாயிற்று என்பது அவர் வாதம். கேட்போர் உள்ளத்தைக் கவரும் வாதமே. ஆனால் காலிகாரியாக நடித்த வேணர் கிரவுஸிடமிருந்த மூலப் பிரதி பின்னர் கிடைத்து, 1995இல் அச்சேறியபோது அதிலும் ஒரு புறக்கதை இருக்கக் காணப்பட்டது. அதில் பிரான்சிஸ் நோயாளியல்லன். பல ஆண்டுகள் கழித்துத் தன் விருந்தினர்க்குப் பழங்கதை கூறுபவன். எனவே புறக்கதையே இல்லாதிருந்தது என்பது பொருந்தாது. தலைகீழ் மாற்றம் பின்னர் புகுந்தது என்பது பொருந்தும். ஜனோவிற்ஸ் பொய் கூறினார் என்று நான் கொள்ளேன். நடந்து முடிந்த கேட்டினை அறிந்தபின் ஒருவன் தன் இளமைக்கால எழுத்தை நினைவுகூரும்போது, அந்நினைவு கேட்டின் நிறத்தைப் பெறாமலிருத்தல் அரிது.

காலிகாரிக்கு அக்காலத்தில் தொடர்ச்சி எழவில்லை. தொடர்ச்சி பெற்றவன் டொக்டர் மபூசே. நோபேட் ஜாக் எழுதிய நாவலைத் தழுவி, தேயா பொன் ஹார்பூ திரைக்கதை அமைக்க, பிரிற்ஸ் லாங் 1922இல் “சூதாடி டொக்டர் மபூசே” என்னும் மௌனப்படத்தை இரு பாகங்களாக எடுத்தார். முதற் பாகத்திற்குக் காலத்தின் ஒரு சித்திரம் என்னும் துணைத்தலைப்பும் இடப்பட்டது. மபூசே உளவியலறிஞன், மனோவசியத்தில் வல்லவன், நாளொரு வேடம் புனைபவன். ஓர் ஒப்பந்தப் பத்திரத்தைத் திருடுவித்துப் பங்குச் சந்தையைச் சரியச் செய்கிறான். சீட்டாடும் மேசையில் எதிரியின் கண்ணை நோக்கியே அவன் கையிலுள்ள வெற்றியைப் பறிக்கிறான். கள்ளநோட்டு அச்சிடும் தொழிலைக் குருடர்களைக் கொண்டு நடத்துகிறான். ஈற்றில் அக்குருடரிடையே அகப்பட்டு, தான் கொன்றோரின் உருவங்களைக் கண்டு, நோட்டுக் குவியலின் நடுவே பித்தனாகிறான். அடுத்த ஆண்டு நவம்பரில் அமெரிக்க டொலர் ஒன்றின் விலை 4.2 இலட்சம் கோடி மார்க்காயிற்று. நல்ல நோட்டுக்கும் கள்ளநோட்டுக்கும் வேறுபாடு மங்கிய அந்நாளில், அப்படத்தை நினைவுகூர்ந்தோர் என்ன எண்ணியிருப்பர் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இவ்விடத்தில் அமெரிக்க வழக்கத்தையும் சிறிது நோக்குதல் தகும். 1931இல் ஜேம்ஸ் வேல் எடுத்த “பிராங்கன்ஸ்ரைன்” பெரும் பொருள் ஈட்டியது. எரியும் காற்றாலையில் மாண்டதாகக் காட்டப்பட்ட உருவம், ஆலையின் கீழிருந்த நீரில் உயிர்தப்பிற்று எனக் கூறி, 1935இல் “பிராங்கன்ஸ்ரைனின் மணமகள்” வந்தது. அவ்வுருவம் பேசக் கற்று, குருடனொருவனிடம் நட்பை அறிந்து, தனக்கொரு துணை வேண்டுகின்ற இரண்டாவது படம் முதலாவதிலும் சிறந்ததென்பதே என் துணிபு. அதன்பின் இறக்கமே. 1939இல் மகன், 1942இல் ஆவி, 1943இல் ஓநாய் மனிதனோடு சந்திப்பு என்று வந்து, 1948இல் அபட், கொஸ்ரெல்லோ என்னும் நகைச்சுவை நடிகரோடு சேர்ந்து சிரிப்பூட்டும் நிலைக்கு அவ்வுருவம் தாழ்ந்தது. கண்ணாற் கண்ட உடலை எத்தனைமுறை மீட்டுங் காட்டினும் அச்சம் வளராது, பழக்கமே வளரும்.

மபூசேக்கு நேர்ந்தது வேறு. 1932இன் பிற்பகுதியில் படமாக்கப்பட்ட “டொக்டர் மபூசேயின் மரணசாசனம்” என்னும் பேசும்படத்தில், மபூசே பத்தாண்டுகளாகப் பேராசிரியர் பௌமின் வைத்தியசாலையிலே வாய்பேசாது கிடக்கிறான். ஓயாது எழுதுவதொன்றே அவன் தொழில். எழுதுவன யாவும் குற்றத் திட்டங்கள். பொருளீட்டல் அவற்றின் நோக்கமன்று. தொழிற்சாலையைக் கொளுத்துதல், குடிநீரில் நஞ்சிடல், பணத்தை மதிப்பிழக்கச் செய்தல் ஆகியவற்றால் மக்கள் எதன்மீதும் நம்பிக்கை கொள்ளாத நிலையை உண்டாக்கி, அந்நிலையின்மேற் குற்றத்தின் ஆட்சியை நிறுவுதலே நோக்கம். படத்தின் நடுவில் மபூசே இறந்துவிடுகிறான். குற்றங்களோ நிற்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து கட்டளையிடும் தலைவனுக்குக் கூட்டத்தார் நடுங்குகின்றனர். வேலையற்ற பொறியியலாளனாகிய கெண்ட் ஒருநாள் அத்திரையைக் கிழிக்கிறான். உள்ளே ஆளில்லை, ஒலிபெருக்கியொன்றே இருக்கிறது. மபூசேயின் எழுத்துக்கு ஆட்பட்ட பேராசிரியரே அக்குரலுக்குரியவர்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தின் பிறப்பிடங்களை நான்காக வகுத்தமை கற்றோர் அறிந்ததே: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவன். பிராங்கன்ஸ்ரைனின் உருவமும் அதன் வழிவந்தனவும் முதலிரண்டின் எல்லையைக் கடந்தனவல்ல. மபூசேயோ 1922இல் கள்வன். 1933இல், உடலே இல்லாதபோது, ஆள முயல்பவன். ஒரே பெயர் ஒருவகை அச்சத்திலிருந்து மற்றொருவகை அச்சத்திற்கு இடம்பெயர்ந்தது. தொடர்ச்சிப் படம் ஒன்று முதற் படத்தினும் மேம்படுவதற்கு இதனிற் சிறந்த எடுத்துக்காட்டை யான் அறியேன்.

ஹிற்லர் 1933 ஜனவரி 30ஆந் திகதி பிரதமரானார். மார்ச் 29ஆந் திகதி தணிக்கைச் சபை இப்படத்தைத் தடைசெய்தது. ஏப்பிரலில் ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்ற் நகரில் அது முதன்முதலாகத் திரையிடப்பட்டது. நாஜி ஆட்சி வீழும்வரை ஜேர்மனியப் பொதுமக்கள் அதனைக் காணவில்லை.

இதன் தொடர்பில் லாங் பிற்காலத்திற் பன்முறை கூறிய கதை உலகறிந்தது. பிரசார அமைச்சர் கொயபெல்ஸ் தம்மை அழைத்து நாட்டின் படத்தொழிலுக்குத் தலைமைதாங்கக் கேட்டாரென்றும், தம் தாய் யூத குலத்தவர் எனத் தாம் உரைத்தாரென்றும், வங்கி மூடப்பட்டுவிட்டமையாற் கையிற் பணமின்றி அன்றிரவே புகைவண்டியேறிப் பாரிஸ் சென்றாரென்றும் அவர் கூறுவர். அவருடைய கடவுச்சீட்டோ வேறு கூறுகின்றது. அவ்வாண்டு ஜூன், ஜூலை மாதங்களில் அவர் பலமுறை சென்று திரும்பியதையும், ஜூலை 31ஆந் திகதியே இறுதியாக நீங்கியதையும் அதிலுள்ள முத்திரைகள் காட்டுவன. கொயபெல்ஸின் நாட்குறிப்பிலும் அத்தகைய சந்திப்பிற்குச் சான்றில்லை. 1943இல் அமெரிக்காவில் அப்படம் காட்டப்பட்டபோது, நாஜிகளின் முறைகளை உவமையாக உணர்த்தவே அதனை எடுத்ததாக லாங் எழுதினார். திரைக்கதையை இயற்றிய ஹார்பூ அம்மையார் நாஜிக் கட்சியில் உறுப்பினராகி, அவ்வாட்சியிலும் படத்தொழிலில் ஈடுபட்டவர் என்பதை நோக்க, அக்கூற்றை முழுவதும் ஏற்றல் இயலாது. ஆயினும் கூறியவர் கூற்றுப் பொய்த்தமையாற் படம் பொய்த்துவிடாது. தடையாணை பத்திரத்தில் உள்ளது, லாங்கின் நினைவிலன்று. படைத்தவன் கருதியதும் படைப்பில் அமைந்ததும் ஒன்றாதல் வேண்டுமென்பது விதியன்று. ஆட்சியாளரைக் கலங்கச் செய்த பொருள் அப்படத்தில் இருந்தது என்பதற்கு ஆட்சியாளரே சாட்சி.

நடிகரின் வாழ்க்கையிலும் இத்தகைய சோதனை உண்டு. காலிகாரியாக நடித்த கிரவுஸ் நாட்டிலேயே தங்கி, 1940இல் யூதரை இழித்துரைக்கும் “யூத் சூஸ்” என்னும் பிரசாரப் படத்தில் நடித்தார். அவனால் ஏவப்பட்ட சேசாரேயாக நடித்த கொன்ராட் பைற், யூத குலத்து மனைவியோடு 1933இல் நாடு நீங்கி, ஆங்கில நாட்டிலும் பின் அமெரிக்காவிலும் நடித்து 1943இல் இறந்தார். அமெரிக்கப் படங்களில் அவருக்குக் கிடைத்த வேடங்களிற் சில நாஜி அதிகாரிகளின் வேடங்கள். வேடத்தையும் விதியையும் இணைத்துப் பார்க்க மனம் விழைகின்றது. இரண்டு மனிதர் இரண்டு முடிவு செய்தனர் என்பதற்கு மேல் வரலாறு எதுவும் உரைக்கவில்லை.

லாங் கால் நூற்றாண்டின்பின் ஜேர்மனி மீண்டு, 1960இல் “டொக்டர் மபூசேயின் ஆயிரம் கண்கள்” எடுத்தார். அதுவே அவரது இறுதிப் படம். படமுதலாளி ஆட்டூர் பிரௌனர், நாஜிகளின் இனப்படுகொலைக்குத் தப்பிய யூதர். மபூசே என்றோ இறந்துவிட்டான். அவன் பெயரை வேறொருவன் சூடிக்கொண்டான். நாஜிகள் உளவு பார்ப்பதற்கென அமைத்த விடுதியில், ஒவ்வோர் அறையையும் மறைவான கமராக்கள் நோக்க, நிலவறையிலிருந்து தொலைக்காட்சித் திரைகளில் யாவும் காணப்படுகின்றன. கண்ணை நோக்கி வசியஞ் செய்தவன் ஈற்றில் வெறுங் கண்ணாகவே எஞ்சுகிறான். ஆட்சி வீழ்ந்தும் அதன் கட்டிடம் பழுதின்றித் தொழிற்படுகிறது. போர் முடிந்து பதினைந்தாண்டுகளே கழிந்த நாட்டில் இதைச் சொல்லத் துணிவு வேண்டும். படத்தின் கதைப்பின்னல் மலிவான துப்பறியும் கதைகளின் தரத்ததே என்பதையும் மறைத்தல் ஆகாது.

பிரௌனர் அப்பெயரை எளிதில் விடவில்லை. 1961 முதல் 1964 வரை வேறு நெறியாளரைக் கொண்டு மேலும் ஐந்து மபூசேப் படங்கள் செய்வித்தார். அவற்றுள் ஒன்று, 1962இல் வந்தது, பழைய மரணசாசனத்தின் மறு ஆக்கம்; ஆயிரம் கண்களில் துப்பறியும் அதிகாரியாய் வந்த கேர்ட் பிறோபே இதிலும் பொலிசு அதிகாரியாக நடித்தார். 1933இல் தணிக்கைச் சபை கண்டஞ்சிய கதை, இம்முறை பொழுதுபோக்குப் படமாகவே திரையரங்குகளை வந்தடைந்தது.