ராணுவப் பயிற்சி அதிகாரிகளுக்குப் படைப்பிரிவு ஒதுக்கப்படுவது எப்படி?

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிப் பட்டதாரிகள் ராணுவ அதிகாரியாவதற்கான முக்கிய வழிகளுள் ஒன்று, யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு (சிடிஎஸ்). சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதெமிக்கு எழுத்துத் தேர்வில் 200, எஸ்எஸ்பி நேர்காணலில் 200 என மொத்தம் 400 மதிப்பெண்கள்.

இந்த மதிப்பெண் வரிசை பயிற்சியில் சேர்வதற்கு மட்டுமே உரியது. பயிற்சிக் காலத்தில் பாடங்கள், உடல்திறன், ஆயுதப் பயிற்சி, தலைமைப் பண்பு ஆகியவை மதிப்பிடப்பட்டுத் தனித் தகுதி வரிசை தயாரிக்கப்படுகிறது. இவ்வரிசையில் முதலிடம் பெறுபவருக்குத் தங்கப் பதக்கமும், அனைத்திலும் சிறந்து விளங்குபவருக்குக் கௌரவ வாளும் வழங்கப்படுகின்றன.

காலாட்படை, பீரங்கிப்படை, பொறியாளர் படை, சிக்னல்ஸ் உள்ளிட்ட பிரிவுகள் தகுதி வரிசை, தனிப்பட்ட விருப்பம், காலியிடங்கள் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு ஒதுக்கப்படுகின்றன. காலியிடம் குறைந்த பிரிவை விரும்புவோருக்கு, வரிசையில் ஓரிரு இடங்கள் பின்தங்கினாலும் வேறு பிரிவே கிடைக்கக்கூடும்.