ஏலமலை ஏறும் பழைய ஜீப்புகள்

போடிநாயக்கனூரின் விடியற்காலையை அறிந்தவர்களுக்கு ஓர் ஒலி மறவாது. கிழக்கு வெளுக்கும் முன்பே தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நின்று உறுமத் தொடங்கும். கையில் தூக்குவாளியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் வந்து ஏறிக்கொள்வர். முந்தல் சோதனைச்சாவடியைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, இராசகுமாரி எனப் பரந்து கிடக்கும் ஏலத்தோட்டங்களுக்கு அந்த ஜீப்புகள் அவர்களைக் கொண்டுசேர்க்கும். மாலையில் மீண்டும் கீழே இறக்கிவிடும். அவற்றுள் சில, தம்மை ஓட்டுகிற இளைஞரைவிட வயதில் மூத்தவை.

நகரங்களில் பழைய கார்களைப் பேணுவோர் இருக்கின்றனர். அவற்றைத் துடைத்து மெருகேற்றி, அணிவகுப்பில் ஓட்டிக் காட்டி, மீண்டும் உறையிட்டு மூடிவைப்பர். கோயம்புத்தூரில் 2015-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பல நாட்டுப் பழங்கார்கள் பளபளப்புடன் நிற்பதைக் காணலாம். அதுவும் ஒரு நற்பணியே. ஆனால் ஏலமலைச் சரிவில் பழைய ஊர்தி பிழைத்திருப்பது வேறொரு காரணத்தால். அங்கே அதற்கு வேலை இருக்கிறது. வேலை இருப்பதனால் அதைப் பழுதுபார்க்கின்றனர். அந்த வரலாற்றையும், அதனுள் அடங்கிய மகிழ்ச்சியையும் சலிப்பையும், ஒரு கேள்வியையும் இங்கே எண்ணிப் பார்ப்போம்.

மோட்டார் வண்டி வருமுன் மலைக்கும் சமவெளிக்கும் இடையே பொருள்கள் தலைச்சுமையாகவும் பொதிமாடுகளின் முதுகிலும் சென்றுவந்தன. மூணாற்றுத் தேயிலைக்கு மட்டும் வேறொரு வழி இருந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிற்றிரயில் அதை டாப் ஸ்டேசன் வரை கொண்டுவந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள், போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கிச் சென்றன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தச் சிற்றிரயில் பாதையை அழித்துவிட்டது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் பாதை இரயில் வந்தது. ஆயினும், இரண்டாம் உலகப்போரின்போது அத்தண்டவாளங்கள் கழற்றி எடுக்கப்பட்டன. 1950-களில்தான் மீண்டும் போடப்பட்டன. அகலப்பாதைப் பணிக்காக 2010-இன் இறுதியில் நின்றுபோன இரயில், 2023 ஜூன் மாதத்தில்தான் போடிக்குத் திரும்ப வந்தது.

போடியின் தண்டவாளத்தைப் பறித்துச் சென்ற அதே போர்தான் ஜீப்பையும் பெற்றெடுத்தது. 1940-ஆம் ஆண்டு அமெரிக்கப் படைத்துறை, நான்கு சக்கரமும் இழுக்கக்கூடிய எடை குறைந்த ஊர்தி ஒன்றை வடிவமைத்துத் தருமாறு 135 நிறுவனங்களைக் கேட்டது. பாண்டம் என்னும் சிறு நிறுவனம் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பெருமளவில் செய்யும் வாய்ப்போ வில்லிஸ்-ஓவர்லாந்து நிறுவனத்துக்கும் ஃபோர்டு நிறுவனத்துக்கும் கிடைத்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகள் செய்யப்பட்டன. ஏறக்குறைய ஒரு டன் எடை, 2.2 லிட்டர் பெட்ரோல் எந்திரம், 60 குதிரைத்திறன்; கதவில்லை, கூரை துணியாலானது. போர்முனையில், கையிலிருக்கும் சில கருவிகளைக் கொண்டே திருத்திவிடும்படி அது அமைந்திருந்தது.

1945-இல் லூதியானாவில் இரும்பு வணிகத்துக்காகத் தொடங்கப்பட்ட மகிந்திரா அண்டு முகமது நிறுவனம், நாட்டுப் பிரிவினைக்குப் பின் 1948-இல் மகிந்திரா அண்டு மகிந்திரா ஆயிற்று. வில்லிஸ் நிறுவனத்தாரிடம் உரிமம் பெற்று, 1949-இல் பம்பாயில் ஜீப்பின் பாகங்களைப் பூட்டி ஊர்தியாக்கத் தொடங்கினர். பின்னர்ப் பாகங்களையும் இங்கேயே வார்த்தனர். 1953-இல் அமெரிக்காவில் வெளிவந்த சி.ஜே. 3பி என்னும் உயர்ந்த முகப்புடைய மாதிரி, அங்கே 1968-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இந்தியாவிலோ அதன் வடிவம் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அதன் எந்திரத்தில் காற்றை உள்ளிழுக்கும் வால்வு மேலேயும் புகையை வெளித்தள்ளும் வால்வு பக்கவாட்டிலும் இருக்கும். அந்த உயரமான எந்திரத்துக்கு இடம்கொடுக்கவே முகப்பை உயர்த்தினர்.

மலைத்தோட்டக்காரருக்கு வேண்டியிருந்ததும் இத்தகைய ஊர்தியே. மழைச்சேற்றில் நான்கு சக்கரமும் இழுக்கும். தாழ்ந்த கியரில் நடைவேகத்தில் ஏறும். எங்கே நின்றுபோனாலும் அங்கேயே பிரித்து மாட்டலாம். உலகின் பிற மலைகளும் இதே முடிவுக்கு வந்திருக்கின்றன. ஜீப்பைப் பார்த்தே 1948-இல் இங்கிலாந்தில் லேண்ட் ரோவர் பிறந்தது. டார்ஜிலிங் பகுதியின் மானேபஞ்சாங்கிலிருந்து சாந்தக்பூ மலைக்கு, 1950-களில் செய்யப்பட்ட லேண்ட் ரோவர்கள் பல பதிற்றாண்டுகள் ஆட்களை ஏற்றிச் சென்றன.

போடியில் எனக்கொரு நண்பர் உண்டு. மலைமேல் சிறிய ஏலத்தோட்டம் அவருக்கு. தந்தையார் வாங்கி ஓட்டிய, 1960-களின் ஜீப் ஒன்று, அவர் மறைவுக்குப் பின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதை எழுப்பி ஓடவைக்க வேண்டும் என்று நண்பருக்கு ஆசை. மூன்று மாதத்தில் முடியும் என்று கணக்கிட்டார், ஓராண்டுக்கு மேலாயிற்று.

ஏலச்செடிக்கு உகந்த ஈரம் இரும்புக்குப் பகை. அடித்தளத்தைச் சுரண்டியபோது பெயின்ட்டுக்கு உள்ளே இரும்பே இல்லாத இடங்கள் தெரிந்தன. திருகிய போல்ட்டுகள் பாதியில் முறிந்தன. கடைக்காரர் அனுப்பிய உதிரிப்பாகம் வேறொரு மாதிரிக்குரியதாக இருந்தது. பெட்ரோல் பம்பின் ரப்பர்ச் சவ்வைப் புதிதாக மாற்றினார். சில திங்களில் அதுவும் உப்பிக் கெட்டது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்தது. அக்காலத்து ரப்பர் அதைத் தாங்காது. ஏற்றத்தில் எந்திரம் சூடேறிப் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட, பம்பின்மீது ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு வழியோரம் காத்திருந்த நாள்கள் பல. செலவுக்கணக்கு எழுதிய நோட்டை மனைவியின் கண்ணில் படாமல் வைத்திருந்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆனாலும் ஒருநாள் மாலை, கைப்பிடியைச் செருகிச் சுற்றியதும் எந்திரம் இருமி, புகை கக்கி, பின் சீராக ஓடத் தொடங்கியது. தெருவே கூடிவிட்டது. “அப்பா வண்டி சத்தம்” என்று உள்ளிருந்து முதியவளான தாயார் எழுந்து வந்தாராம். அந்த ஒரு கணத்துக்கு ஓராண்டுச் சலிப்பும் ஈடாகிவிட்டது என்றார் நண்பர். தாயாருக்கு மீளக் கிடைத்தது ஓர் ஊர்தி மட்டும் அன்று என்பதை நாம் உணரலாம்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. பழையதைப் பழையபடியே வைத்திருப்பதுதான் பேணுதலா? மலைமேல் ஓடும் ஜீப்புகள் பலவற்றில் பெட்ரோல் எந்திரத்தைக் கழற்றிவிட்டு டீசல் எந்திரத்தைப் பூட்டிவிட்டனர். செலவு கட்டுபடியாக வேண்டுமே! நடுவண் அரசு 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, எந்திரமும் அடித்தளமும் கூடும் மாற்றப்படாமல் இருப்பதுவே ‘விண்டேஜ்’ ஊர்தி எனப்படும். அதற்குத் தனிப் பதிவெண் உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம். ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ அதை ஓட்டலாகாது. அதாவது, பழமையின் பெருமை வேண்டுமாயின் உழைப்பை விடவேண்டும். உழைக்கும் ஊர்திக்கு அந்தப் பெருமை கிட்டாது. நம் பழைய ஆலயங்களைப் புதுப்பிக்கும்போதும் இதே தடுமாற்றம் எழுவதைப் பார்த்திருக்கிறோம். சுண்ணச்சாந்தைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசுவோரும் தவறுகின்றனர்; ஒழுகும் கூரையை ‘பழமை’ என்று விட்டுவைப்போரும் தவறுகின்றனர்.

நண்பருக்கு இந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தவர் அவருடைய மெக்கானிக். வண்டிக்கு முதலில் அடித்திருந்த நிறத்தையே தேடி அலைந்துகொண்டிருந்த நண்பரிடம், “தம்பி, பெயின்ட்டை அப்புறம் பார்த்துக்குவோம். முதல்ல பிரேக்கைக் கவனிப்போம்” என்றாராம் அந்தப் பெரியவர். பழைய ஜீப்பில் நான்கு சக்கரப் பிரேக்குக்கும் எண்ணெய் ஒரே சுற்றில்தான் ஓடும். ஏதேனும் ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கும் போயிற்று. கைப்பிரேக்கும் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின்சக்கரங்களுக்குச் செல்லும் சுழல்தண்டைத்தான் பிடிக்கும். எனவேதான் ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பது மலை ஓட்டுநரின் பாலபாடம்.

உர மூட்டைகளை ஏற்றி ஒருநாள் சோதித்துப் பார்த்தார். போடிமெட்டிலிருந்து இறங்குகையில் பாதி வளைவுகளைக் கடப்பதற்குள் பிரேக் உருளைகள் கொதித்தன. மிதித்த கால் தரைவரை சென்றது. தாழ்ந்த கியர்தான் வண்டியைக் காத்தது. தடுப்புச்சுவரோரம் நிறுத்திவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தாராம். பின்னர், இரு சுற்றாக எண்ணெய் ஓடும் புதிய பிரேக் அமைப்பை ஒரு பிற்கால மாதிரியிலிருந்து எடுத்துப் பூட்டினார். அதனால் வண்டி தன் ‘அசல்’ தன்மையை இழந்தது. நண்பருக்கு அதில் வருத்தமில்லை.

செய்தி பரவியதும், தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்பவர் ஒருவர் அந்த ஜீப்பை வாடகைக்குக் கேட்டு வந்தார். போட்ட பணம் ஈராண்டில் திரும்பிவிடும் கணக்கு அது. ஆனால் இருக்கைக்கு இருவராக நெருக்கி ஏற்றினால்தான் அந்தக் கணக்கு நேராகும். நண்பர் மறுத்துவிட்டார். அவரது தோட்டத்துக்கு வரும் பெண்களை மட்டும், அனுமதித்த எண்ணிக்கையில் ஏற்றிச் செல்கிறார். இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. ஏனெனில் அப்பெண்களுள் ஒருவர் அவரிடம் கேட்டாராம்: “நீங்க ஏத்தலைன்னா மத்தவங்க வேற வண்டியில நெருக்கியடிச்சுத்தானேண்ணே போகணும்?”

இந்தக் கேள்விக்கு எந்தப் பட்டறையிலும் விடை கிடைக்காது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஏலமலை கேரளத்தோடு சேர்ந்தது. அம்மலையில் களை எடுத்துக் காய் பறிக்கும் கைகளுள் பல தமிழகத்தின் அடிவாரத்திலேயே தங்கிவிட்டன. இரு மாநில எல்லையை நாள்தோறும் இருமுறை கடக்கும் அப்பெண்களுக்கு, வேலை நேரத்துக்கு ஏற்ற பேருந்துகள், இருக்கைக்கு ஒருவராகச் சென்றுவரக் கட்டுபடியாகும் கூலி, ஏற்றும் முன் பிரேக்கைச் சோதிக்கும் ஒழுங்கு ஆகியவற்றை யார் பெற்றுத் தருவது? நம் சமையலறையில் மணக்கும் ஏலக்காய் ஒவ்வொன்றும் அந்த 17 வளைவுகளின் வழியே வந்திருக்கக்கூடும் என்பதை நாம் நினைப்பதுண்டா?

பழைய ஊர்தியைக் காப்பது நல்ல கலை. பொறுமையைக் கற்பிக்கிறது, முன்னோரின் கைத்திறனை மதிக்கச் செய்கிறது. ஆனால் ஏலமலையில் அந்தக் கலையின் அளவுகோல் மேற்பூச்சில் இல்லை. மாலையில் மலையிறங்கும் ஜீப்பிலிருந்து, காலையில் ஏறிய அத்தனை பேரும் தத்தம் தெருமுனையில் இறங்கி வீடு சேர்கின்றனரா என்பதில் இருக்கிறது. நண்பரின் ஜீப்புக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.