சார்பின்மை யாருக்கு?

பிரெஞ்சு நாட்டில் சமயச் சார்பின்மை முதலில் கட்டுப்படுத்தியது அரசையே, மாணவரை அன்று. 1882ஆம் ஆண்டு ஜூல் பெரி கொணர்ந்த சட்டம் அரசுப் பள்ளிகளில் சமயப் போதனையை நீக்கி அறநெறிக் கல்வியை வைத்தது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் அப்பள்ளிகளின் ஆசிரியப் பணியினின்று துறவற சபையினரை விலக்கியது. 1905இல் அரசும் திருச்சபையும் சட்டத்தால் பிரிந்தன.

1989இல் பாரிசுக்கு வடக்கேயுள்ள கிரேய் நகரில் முக்காட்டை நீக்க மறுத்த மூன்று முஸ்லிம் மாணவியர் பள்ளியினின்று விலக்கப்பட்டனர். வினா திசைமாறிற்று: நடுநிலை காக்க வேண்டியவர் ஆசிரியரா, மாணவரா? சமய அடையாளம் அணிதல் தன்னளவில் சார்பின்மைக்கு முரணன்று. பிறரை வற்புறுத்தலும் வகுப்பைக் குலைத்தலுமே கூடா என அவ்வாண்டு நவம்பரில் உச்ச நிர்வாக நீதிமன்றம் கருத்துரைத்தது. 2004 மார்ச் 15ஆம் நாள் சட்டம் அவ்வேறுபாட்டைத் துடைத்தது. முக்காட்டோடு சீக்கியரின் தலைப்பாகை, யூதரின் சிறுதொப்பி, பெரிய சிலுவை ஆகியனவும் அரசுப் பள்ளிகளில் தடைப்பட்டன. 2023இல் அபாயா என்னும் நீளங்கியும் அப்பட்டியலிற் சேர்ந்தது.

வீட்டாரின் வற்புறுத்தலினின்று சிறுமியரைக் காக்கவே இச்சட்டம் என்பர் ஆதரிப்போர். அவ்வாதம் எளிதிற் புறந்தள்ளத் தக்கதன்று. ஆயினும், தானே விரும்பி அணிந்தவளுக்கும் அதே கதவுதான் அடைபட்டது. அரசின் நாவைக் கட்டப் பிறந்த சொல் சிறுமியின் தலையைத் தீண்டுகையில் பொருள் மாறிவிடுகிறது. சொல்லின் காவலரான பாவலர் அம்மாற்றத்தைக் காணாதிருத்தல் தகுமோ?