கீசர் டைமர் (நியூ டவுன், கொல்கத்தா)

கீசர் டைமர், குளியலறைக் கீசருக்குப் போகும் மின்சாரத்தைக் குறித்த நேரத்தில் இணைத்து, குறித்த நேரத்தில் துண்டிக்கும் கருவி. பனி பெய்யும் நாடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் மைய வெப்ப அமைப்புக்கு ஒரு டைமர் உண்டு. கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் உள்ள நியூ டவுனில் அதற்கு வேலையில்லை. இங்கே ஜனவரியில் சராசரிக் குறைந்த வெப்பநிலை சுமார் 14 டிகிரி செல்சியஸ்தான். அதற்கே குரங்குக் குல்லாய் மாட்டிக்கொள்ளும் ஊர் என்று பிற மாநிலத்தவர் கேலி செய்வதுண்டு. ஆனாலும் அறையைச் சூடாக்கும் வழக்கம் இல்லை. சூடு வேண்டியது குளிக்கும் தண்ணீருக்கு மட்டுமே.

1999-இல் மேற்கு வங்க அரசு அமைத்த ஹிட்கோ நிறுவனம் திட்டமிட்டு எழுப்பிய நகரம் இது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்தது. ஆகவே ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு சிறு சேமிப்புக் கீசர் என்பதே பொதுவான ஏற்பாடு. ‘கீசர்’ என்ற சொல் ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்தது. 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மான் என்பவர் தாம் உருவாக்கிய எரிவாயு நீர்ச்சூடாக்கிக்கு அந்தப் பெயரை வைத்தார். புகைபோக்கி இல்லாத ஆபத்தான கருவி அது. பிரிட்டனில் அந்தச் சொல் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. இந்தியாவில் இன்றும் வீட்டுச் சொல்லாக இருக்கிறது.

எவ்வளவு நேரம் வைப்பது

தொட்டித் தண்ணீர் 20 டிகிரியில் இருப்பதாகக் கொண்டால், 15 லிட்டரை 60 டிகிரிக்கு உயர்த்த 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். 2 கிலோவாட் கீசருக்கு அது 21 நிமிட வேலை. 25 லிட்டர் என்றால் 35 நிமிடம். காலை ஆறு மணிக் குளியலுக்கு ஐந்தரைக்கு இணைப்புக் கொடுத்தால் 15 லிட்டர் கீசருக்குத் தாராளம். இரவெல்லாம் ஓடவிடத் தேவையில்லை. ஆனால் டைமர் போட்டால் மின்கட்டணம் பாதியாகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். தண்ணீர் சூடேறியதும் கீசருக்குள் உள்ள தெர்மோஸ்டாட் தானே நிறுத்திவிடும். டைமர் மிச்சப்படுத்துவது கீசர் தொட்டியின் சுவர் வழியே கசியும் வெப்பத்தை மட்டுமே. மறக்காமல் சுவிட்சை அணைக்கிறவருக்கு இதில் லாபம் சொற்பம். மறதிக்காரருக்குத்தான் லாபம்.

மாற்றுதலும் இணைப்பும்

லண்டன் வீடு ஒன்றில் மைய வெப்ப டைமரை மாற்றும் வேலை பெரும்பாலும் எளிது. பல நிறுவனங்களின் கருவிகளும் ஒரே மாதிரியான பின்தகட்டில் அமர்கின்றன. முனைகள் என், எல், 1, 2, 3, 4 என்ற வரிசையில் இருக்கும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டலாம். அந்த டைமர் பாய்லருக்கும் பம்புக்கும் வால்வுக்கும் கட்டளை கொடுப்பதோடு சரி. 3 ஆம்பியர் ஃபியூஸே அந்தச் சுற்றுக்குப் போதும். கீசர் டைமர் அப்படியல்ல. சூடாக்கும் மின்னோட்டம் முழுவதும் அதன் தொடுமுனை வழியாகவே பாய்கிறது. 230 வோல்ட்டில் 2 கிலோவாட்டுக்கு 8.7 ஆம்பியர், 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக் டைமரைக் கீசரில் செருகினால் பிளாஸ்டிக் கருகுவது ஆச்சரியமல்ல. 16 ஆம்பியர் வெப்பச் சுமையைத் தாங்குவது என்று கருவியில் பொறித்திருக்க வேண்டும்.

எம்சிபி (தானியங்கித் துண்டிப்பான்) பெட்டியின் தண்டவாளத்தில் பொருத்தும் டிஜிட்டல் டைமர்கள் பெரும்பாலும் இரண்டு எம்சிபி அகலம், அதாவது 36 மில்லிமீட்டர் இருக்கும். பேஸும் நியூட்ரலும் கடிகாரத்தை ஓட்டுவதற்கு. தொடுமுனை பல கருவிகளில் தனியாக நிற்கும். அதற்கு மின்சாரம் தானாக வராது. எம்சிபியிலிருந்து வரும் பேஸை ஒரு துண்டுக் கம்பியால் பொதுமுனைக்கும் கொடுத்து, ‘என்ஓ’ (இயல்பில் திறந்த) முனையிலிருந்து கீசருக்கு எடுக்க வேண்டும். தவறி ‘என்சி’ (இயல்பில் மூடிய) முனையில் கொடுத்தால் குளிக்கும் நேரத்தில் அணைந்து மற்ற நேரமெல்லாம் கொதிக்கும். நியூட்ரலும் எர்த்தும் இடையில் அறுபடாமல் நேரே கீசருக்குப் போகும்.

நிறத்தை நம்புவது இங்கே பெரிய பிழை. இந்தியச் சுவர்களுக்குள் ஓடும் கம்பிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். கீசரோடு வரும் வடத்திலோ பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். மும்முனை இணைப்புள்ள வீட்டில் சுவரிலிருந்து வரும் நீலக் கம்பி பேஸாக இருக்கலாம். நிறம் பார்த்து அதை நியூட்ரல் என்று எண்ணிக் கீசரின் நீலத்தோடு முறுக்கி, டைமரை மற்றக் கம்பியில் இணைத்தால் டைமர் நியூட்ரலைத்தான் துண்டிக்கும். கீசர் அணைந்ததுபோலத் தோன்றும். உள்ளே காயிலில் மின்சாரம் நிற்கும். டெஸ்டரின் சிறு விளக்கை மட்டும் பார்க்காமல் மல்டிமீட்டரில் அளந்து உறுதி செய்ய வேண்டும். டைமர் பெரும்பாலும் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும் என்பதால், கீசருக்கென்று உள்ள 20 ஆம்பியர் இருமுனைச் சுவிட்சை எடுத்துவிடக் கூடாது. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் இருப்பது நல்லது. திருகு தளர்ந்த முனைதான் முதலில் கருகும்.

இந்திய மின் பாதுகாப்பு விதிகளின்படி, சுவிட்ச் போன்றவற்றை, நிறுவலின் திறனும் தன்மையும் மாறாமல் மாற்றுவதற்கு விலக்கு உண்டு. புதிய இணைப்பு, கூட்டல், மாற்றம் ஆகியவை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் வேலை. டைமர் இல்லாத பெட்டியில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதும் கூட்டல்தான். பக்கத்துக் கடை மிஸ்திரியிடம் கொடுக்கும் முன் உரிமத்தைக் கேட்பவர்கள் சிலரே.

சிறு மோட்டாரில் ஓடும் பழைய வகை டைமர், உள்ளே மின்கலம் இல்லையென்றால், மின்வெட்டில் நின்றுவிடும்; ஒரு மணி நேரம் மின்சாரம் போனால் காலைச் சுடுநீர் ஒரு மணி நேரம் பிந்தும். டிஜிட்டல் வகைக்கு உள்ளே பெரும்பாலும் சிறு மின்கலம் உண்டு. ஆனால் பிப்ரவரி கடைசியில் மின்விசிறி சுழலத் தொடங்கியதும் பல வீடுகளில் கீசரின் எம்சிபியையே இறக்கிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் அந்த மின்கலம் வடிந்துவிடலாம். நவம்பரில் ஏற்றிப் பார்க்கும்போது திரை வெறுமையாக இருக்கலாம். கருவி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கும் முன், சில மணி நேரம் மின்சாரத்தில் விட்டு, ‘ரீசெட்’ பொத்தானை ஊசியால் அழுத்தி, நேரத்தைத் திரும்பப் பதிந்து பார்க்கலாம்.