கல்முனைக் கரையும் ஆவணக் காப்பும்: ஏட்டுச் சுவடி முதல் நிலைத்த இணையப் பக்கம் வரை

ஒரு சமூகத்தின் வரலாறு அதன் நினைவில் மட்டும் வாழ்வதன்று. நினைவு எழுத்தாகி, எழுத்துப் படியெடுக்கப்பட்டு, படிகள் பல இடங்களிற் பேணப்படும்போதே அது நிலைபெறுகின்றது. பழந்தமிழ் நூல்கள் எஞ்சியமைக்கு ஓலையின் வலிமை காரணமன்று. ஓலை செல்லரிக்குமுன் ஒருவர்பின் ஒருவராய்ப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வந்தமையே காரணமாகும். கணினி யுகத்திலும் இவ்வுண்மை மாறவில்லை என்பதை இணையவழி ஆவணப்படுத்தலின் வரலாறு புலப்படுத்துகின்றது.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் கரையோர முஸ்லிம் ஊர்களின் எழுத்துச் செல்வம் பலவகைப்பட்டது. தமிழெழுத்திலும் அரபுத்தமிழிலும் அமைந்த சமய நூல்கள், உழவரும் மீனவரும் நெசவாளரும் வழங்கிய நாட்டார் கவிகள், பள்ளிவாசற் பதிவேடுகள், சிறு சஞ்சிகைகள் என்பன அவற்றுட் சில. எம். ஏ. நுஃமான் கல்முனையிலிருந்து 1969இல் வெளியிடத் தொடங்கிய ‘கவிஞன்’ இச்சஞ்சிகைகளுள் ஒன்றாகும். இத்தகைய வெளியீடுகள் குறைந்த பிரதிகளே அச்சிடப்படுவன. அன்றியும், 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இக்கரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாக இருந்தமையால், நிர்வாகப் பதிவுகளைத் தேடுவோர் இரு மாவட்டங்களையும் நாட வேண்டியுள்ளது.

சிதறிக் கிடந்தவற்றை இயற்கையும் விட்டுவைக்கவில்லை. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி கிழக்குக் கரையைப் பெரிதும் சிதைத்தது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகக்கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நேர்ந்தது. 10,000 பேருக்கு மேல் மாண்டனர். உயிர்களோடும் மனைகளோடும் காணி உறுதிகளும் குடும்பப் பதிவுகளும் கடலிற் கலந்தன. மனிதர் இழைத்த அழிவும் உண்டு. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எத்துணைச் சிறப்பினதாயினும் காப்புடையதன்று என்பதே இவ்வழிவுகள் உணர்த்தும் பாடமாகும்.

இப்பாடத்திற்கு இணையம் ஒருவகை விடையளித்தது. சுவிற்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடக்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் தட்டெழுதிய தமிழ் நூல்களை எளிய கோப்புகளாக உலகிற்கு வழங்கிற்று. தொடக்கத்தில் ‘தஸ்கி’ குறியீட்டில் அமைந்த அந்நூல்கள் 2004 முதல் யுனிகோட்டிலும் வெளிவரலாயின. எழுத்து எழுத்தாகவே பேணப்பட்டமையால் இக்குறியீட்டு மாற்றம் எளிதாயிற்று. பழைய ஓலையிலிருந்து புதிய ஓலைக்குப் பெயர்த்தெழுதிய செயலின் மறுவடிவம் இஃது எனலாம். பேரலைக்கு அடுத்த 2005இல் தோன்றிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கப் படங்களாகத் தொகுக்கலாயிற்று.

எனினும், இணையத்திலிட்டவை யாவும் நிலைப்பதில்லை. முதற் காலத்து இணையப் பக்கங்கள் தனித்தனிக் கோப்புகளாகவே இருந்தன. பின்னர், கேட்குந்தோறும் தரவுத்தளத்திலிருந்து பக்கத்தை ஆக்கித் தரும் முறை பரவிற்று. அம்முறை வசதியுடையது; ஆயினும் வழங்கியும் தரவுத்தளமும் நிரல்களும் ஓயாது பராமரிக்கப்பட வேண்டும். பராமரிப்பவர் விலகின், தளமும் மறையக்கூடும். ஜியோசிட்டீஸ் என்னும் இலவசத் தளம் 2009இல் மூடப்பட்டபோது, அதன் பக்கங்கள் எளிய கோப்புகளாக இருந்தமையாலேயே தன்னார்வலர் பெரும்பகுதியைப் படியெடுக்க முடிந்தது.

இச்சூழலிற் பழைய எளிமைக்கு மீளும் போக்கு வலுப்பெற்றது. 2004இல் ஜோன் குரூபர் வெளியிட்ட ‘மார்க்டவுன்’ எளிய எழுத்துமுறையை வகுத்தது. 2008இல் டொம் பிரஸ்டன்-வேர்ணர் ஆக்கிய ‘ஜெக்கில்’, அவ்வாண்டே பைத்தன் மொழியின் கையேடுகளுக்கென எழுந்த ‘ஸ்பிங்ஸ்’, 2013இல் வந்த ‘ஹியூகோ’ ஆகியவை நிலைப்பக்க ஆக்கிகள் எனப்படும். இவற்றின் இயக்கம் எளிது. ஒவ்வோர் ஆவணத்தையும் ஒரு கோப்பாக எழுதி, அதன் தலையில் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, ஊர் என்பவற்றைக் குறிக்க வேண்டும். ஆக்கி அக்கோப்புகளை ஒரு வார்ப்பிற் பொருத்திப் பக்கங்கள் அனைத்தையும் முன்கூட்டியே ஆக்கிவிடும். ஊர்வாரியும் ஆண்டுவாரியும் அட்டவணைகளையும் அவ்வாறே அமைக்கலாம். முழுத் தொகுதியையும் சிறு வட்டிற் பதிந்து, உரியவாறு அமைப்பின் இணையமில்லா இடத்திலும் வாசிக்கலாம்.

குறைகளும் இல்லாமலில்லை. திருத்தந்தோறும் பக்கங்களை மீள ஆக்க வேண்டும். தேடலுக்கு முன்கூட்டியே சுட்டி அமைக்க வேண்டும். கையெழுத்துப் படிகளின் படங்கள் மிக்க இடம் கொள்ளும். உரிமையாளர் இசைவு பெறுதலும் படியை மூலத்தோடு ஒப்புநோக்குதலும் எந்தக் கருவியும் செய்து தராத பணிகளாம்.

1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி இன்று ஒலுவிலில் விளங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், இக்கரையின் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் இத்தகைய தொகுதியொன்றின் படிகளைத் தத்தம் இடத்தே வைத்திருத்தல் அரிதன்று. ஓர் ஊரின் படி நீரிற் போயினும் மற்றோர் ஊரின் படி எஞ்சும். கவி சொல்லும் மூதாட்டியரும் அரபுத்தமிழ் வாசிக்கவல்ல முதியோரும் நாளும் குறைந்துவருகின்றனர். அவர் வாய்மொழி எழுத்தாகாதவழி, படியெடுப்பதற்கு எதுவும் எஞ்சாது. ஆதலின் கருவியைத் தேர்வதினும், எழுதத் தொடங்குதலே முதற்கண் செயற்பாலது.