எட்டா, ஒன்பதா? எழுத்துக்காகப் பிறந்த ஒரு வில்லை



சென்ற பள்ளி விடுமுறையில் பழைய படக்கருவி வில்லை ஒன்றை வாங்கினேன். பேச்சு வழக்கில் லென்ஸ் என்கிறோமே, அதனைத்தான் இங்கு வில்லை என எழுதுகிறேன். அதற்கு வயது ஏறத்தாழ ஐம்பது. "படம் பிடிக்கக் கைப்பேசி போதாதா சார்?" என்று உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். போதவில்லை. ஏன் போதவில்லை என்று சொல்லப் புகுந்தால், அந்த வில்லை பிறந்த கதையையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

எங்கள் பள்ளி முன்பு தோட்டப்பள்ளியாக இருந்து, பின்னர் பட்டணத்தின் ஓரத்திற்கு இடம் மாறியது. தோட்டத்திலிருந்து வந்த பொருள்களுள் மூன்று சேர்க்கைப் பதிவேடுகளும் உள்ளன. மாணவர் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், விலகிய காரணம் ஆகியவை மைப்பேனாவால் எழுதப்பட்டவை. எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய கையெழுத்து. ணை, லை, னை என்பனவற்றை யானைத் துதிக்கை போல மேலே சுழித்து எழுதியிருப்பார்கள். தாள் பழுப்பேறிவிட்டது, மையும் பழுப்பாகிவிட்டது. ஒவ்வொரு முறை ஏட்டைத் திறக்கும்போதும் மேசைமீது சிறிது தூள் உதிரும்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் முன்னாள் மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். அறுபதைத் தாண்டிய பெரியவர். அவரிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரக் குடியிருப்பாளர் என்பதற்குமேல் அது அவருக்கு எதனையும் தராது. தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுக்காமலே விட்டுவிட்டார்கள். 1964இல் அவர் முதலாம் ஆண்டில் சேர்ந்த பதிவு எங்கள் ஏட்டில் இருந்தது. பிறந்த நாள் 3, ஆண்டு 1957. மாதம் மட்டும் எட்டா ஒன்பதா என்று விளங்கவில்லை.

பெற்றோர் சிலருக்கு இது சிறிய ஐயமாகத் தோன்றலாம். நம் நாட்டின் அரசமைப்புச் சட்டத்தின்படி, விடுதலை நாளான 1957 ஆகஸ்டு 31 தொடங்கி 1962 அக்டோபருக்கு முன்பு வரை கூட்டரசில் பிறந்தோர் பொதுவாகப் பிறப்பினாலேயே குடிமக்கள். அதற்கு முன் பிறந்தவர்கள் வேறு வழிகளில் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவர் ஆகஸ்டு 3இல் பிறந்திருந்தால் அக்கரை; செப்டம்பர் 3இல் பிறந்திருந்தால் இக்கரை. பள்ளிப் பதிவேடு மட்டுமே வழக்கை முடித்துவிடாது என்பதை நான் அறிவேன். ஆயினும் அவர் கையில் வேறு தாள் இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து மூன்று ஆசிரியர்கள் பார்த்தோம். இருவர் எட்டு என்றோம், ஒருவர் ஒன்பது என்றார். எட்டு என்றவர்களுள் நானும் ஒருவன்.

கைப்பேசியில் எடுத்த படத்தில் அந்த எண் இன்னும் குழம்பியது. கருவியே மைக்கறையை மழுப்பி அழகுபடுத்திவிடுகிறது. ஏட்டை மீண்டும் மீண்டும் திறக்கவும் மனம் வரவில்லை. ஒரே முறை திறந்து, எல்லாப் பக்கங்களையும் செம்மையாகப் படியெடுத்து மூடிவிடுவது என முடிவு செய்தேன். பட்டணத்தில் நெடுங்காலம் புகைப்பட நிலையம் நடத்தி ஓய்வு பெற்றவர் ஒருவரிடம் வழி கேட்டேன். "மைக்ரோ நிக்கோர்னு ஒரு லென்ஸ் இருக்கு சார். அது எழுத்தைப் படம் பிடிக்கிறதுக்குன்னே செஞ்சது. பழசா தேடிப் பாருங்க" என்றார். எழுத்தைப் படம் பிடிப்பதற்கென்றே ஒரு வில்லையா? அந்தச் சொல்லே என்னை வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது.

ஏடுகளைச் சுருக்கிப் படம் பிடித்து வைக்கும் எண்ணம் புகைப்படக் கலையின் அளவுக்கே பழையது. 1839இலேயே இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த ஜான் பெஞ்சமின் டான்சர் நுண்புகைப்படம் எடுத்துக் காட்டினார். 1859இல் பிரெஞ்சுக்காரரான ரெனே டாக்ரான் நுண்படத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1870, 71இல் செருமானியப் படைகள் பாரிசை முற்றுகையிட்டிருந்த வேளையில், அதே டாக்ரான் செய்திகளை மெல்லிய படலத்தில் சுருக்கிப் பதிக்க, புறாக்கள் அவற்றைச் சுமந்து நகருக்குள் பறந்தன. அன்னத்தையும் கிளியையும் தூது விட்ட மரபினர் நாம். புறாவின் வாலில் ஆயிரக்கணக்கான மடல்கள் பறந்த செய்தியை என் மாணவர்களுக்குச் சொன்னபோது அவர்கள் கண்கள் விரிந்ததைப் பார்க்கவேண்டுமே! இருபதாம் நூற்றாண்டில் வங்கிகளும் நாளிதழ்களும் நூலகங்களும் மைக்ரோபிலிம் எனப்படும் நுண்படச் சுருளைக் கைக்கொண்டன.

இம்முறை சப்பானுக்குச் சென்றபோது ஒரு தடை எழுந்தது. உரோமன் எழுத்துகள் இருபத்தாறு, உருவமும் எளியது. சற்று மங்கினாலும் படித்துவிடலாம். சப்பானியர் எழுதும் கான்ஜி அவ்வாறன்று. (இச்சொல்லை வகுப்பில் சொல்லிவிட்டுச் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் காத்திருந்தேன். நம் பிள்ளைகளுக்குக் கஞ்சிதான் காதில் விழுகிறது.) மனச்சோர்வைக் குறிக்கும் 'உட்சு' என்னும் ஒற்றை எழுத்தில் மட்டும் 29 கோடுகள் உள்ளன. நாளிதழின் சிறிய அச்சில் இருக்கும் அத்தகைய எழுத்தைச் சுருக்கிப் படம் பிடித்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரும்புள்ளி ஆகிவிடும். ஒரு கோடு குறைந்தால் வேறு எழுத்து, பொருளும் வேறு.

எழுத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் இதற்காக முடிவு செய்யவில்லை. கருவியை உயர்த்தினார்கள். 1917இல் தோன்றிய நிப்பான் கொகாக்கு நிறுவனம், பின்னாளில் நிக்கான் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே நிறுவனம், தனது வில்லைகளுக்கு 1930களிலிருந்தே நிக்கோர் என்னும் பெயரை வழங்கி வந்தது. கான்ஜி ஏடுகளை நுண்படமாக்கும் தேவையை எண்ணி, 1956இல் 5 செண்டிமீட்டர் குவியத் தொலைவுடைய மைக்ரோ நிக்கோரை அது வெளியிட்டது. நான்கு தொகுதிகளாக ஐந்து கண்ணாடிகள். திறப்பளவு எஃப் 3.5. பெயரிலுள்ள 'மைக்ரோ' நுண்படத் தொழிலின் நினைவு. பிற நிறுவனங்கள் இத்தகைய வில்லையை மேக்ரோ என்று அழைத்தபோதும் நிக்கான் மைக்ரோ என்பதனை விடவில்லை.

இதன் சிறப்பு யாது? பொதுவான வில்லை தொலைவிலுள்ள மனிதரையும் மலையையும் நோக்கிச் செய்யப்படுவது. அதனை ஒரு தாளுக்கு அருகில் கொண்டுசென்றால் நடுப்பகுதி தெளிவாகவும் நான்கு மூலைகள் மங்கலாகவும் விழும். நேர்கோடு சற்றே வளையும். ஏட்டின் ஓரத்திலும் எழுத்து உண்டல்லவா? மைக்ரோ நிக்கோர் அருகிலுள்ள தட்டையான தாளை மூலை வரை ஒரே தெளிவுடன் காட்டுவதற்காகக் கணக்கிடப்பட்டது. 1961இல் ஒற்றை வில்லை எதிரொளிப் படக்கருவிக்கு ஏற்ற 55 மில்லிமீட்டர் வடிவம் வந்தது. பொருளின் உண்மை அளவிலேயே படத்தைப் பதிக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. 1963இல் வந்த அடுத்த வடிவம் தனித்து நின்றால் பாதி அளவுதான் காட்டும், 27.5 மில்லிமீட்டர் நீளமுள்ள வளையத்தை இடையில் பொருத்தினால் முழு அளவு. நான் வாங்கியது இதன் வழிவந்த 1970களின் வில்லை.

தமிழுக்கு 29 கோடுகள் இல்லை என்பது உண்மை. ஆனால் நமக்குப் புள்ளி இருக்கிறது. ஆசிரியர்களுக்கு இதனை நான் சொல்லவேண்டியதில்லை. மங்கிய படத்தில் முதலில் மறைவது புள்ளிதான். பிறகு 'ர'வும் காலும் ஒன்றாகிவிடும். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994இல் தொடங்கப்பட்டபின், கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் நுண்படச் சுருளில் ஏற்றப்பட்டன. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் தரும் பழைய நாளிதழ்ப் பக்கங்களும் நுண்படச் சுருள்களிலிருந்து வந்தவையே. அப்பக்கங்களைப் புரட்டுகையில் ஒரு புள்ளி தெளிவாகத் தெரிந்தால், எங்கோ ஒருவர் நல்ல வில்லையை வைத்துக் கவனத்தோடு படம் பிடித்தார் என்று பொருள்.

இனி வாங்கிய கதை. முதலில் வாங்கியது 150 ரிங்கிட். விற்றவர் "தூசு மட்டும்தான்" என்றார், நானும் நம்பினேன். வீட்டில் கைவிளக்கை வில்லையின் பின்புறமிருந்து அடித்துப் பார்த்தபோது, உட்கண்ணாடியில் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தன. பூஞ்சணம்! நம் நாட்டு ஈரப்பதத்தில் இதற்கு விருந்துதான். நூற்றுக்கு எழுபதைத் தாண்டிய ஈரம் நீடித்தால் அது வளரும். விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சையே அரிக்கும். அதனைக் கொண்டு எடுத்த படத்தில் ஏட்டின் மீது பனி படர்ந்ததுபோல் இருந்தது. காசும் போயிற்று, ஒரு விடுமுறை வாரமும் போயிற்று.

இரண்டாவது வில்லையை வாங்கும்போது கைவிளக்கைச் சட்டைப் பையிலேயே கொண்டு சென்றேன். ஒளியைப் பாய்ச்சி இழையும் மூட்டமும் இல்லையென உறுதி செய்தேன். திறப்பு இதழ்களில் எண்ணெய்க் கசிவு இல்லை. நெம்பியவுடன் சட்டென மூடித் திறந்தன. குவிய வளையம் கரகரப்பின்றிச் சுழன்றது. பின்னர்க் கடைச் சுவரில் நாளிதழ் ஒன்றை ஒட்டச் சொல்லி நான்கு மூலைகளையும் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைக்காரர் பொறுமைசாலி, தேநீர்கூட வாங்கித் தந்தார். விலை 280 ரிங்கிட். ஒன்று சொல்லவேண்டும்: 1977க்கு முந்திய இவ்வகை வில்லைகளைத் திருத்தம் செய்யாமல் பல பிற்கால நிக்கான் கருவிகளில் மாட்டினால் கருவியின் நெம்புகோல் உடையக்கூடும். என்னுடையது ஆடியில்லாத இலக்கப் படக்கருவியாதலால் இணைப்பு வளையம் ஒன்றே போதுமாயிற்று.

சனிக்கிழமை ஒன்றில் பள்ளி நூலகத்தின் திரைகளை இழுத்துவிட்டு, கருவியைத் தாங்கியில் கீழ்நோக்கிப் பொருத்தினேன். முதலில் இருபுறமும் விளக்கு வைத்து ஏடு முழுவதையும் எடுத்தேன். பின்னர் அந்தப் பெரியவரின் வரிக்கு மட்டும் ஒரு விளக்கை அணைத்து, மற்றதைத் தாளின் ஓரத்திற்குத் தாழ்த்தி வைத்தேன். மை மங்கினாலும் பேனா முள் தாளில் உழுத தடம் மங்குவதில்லை. சாய்ந்த ஒளியில் அத்தடம் சிறு நிழலாக எழுந்தது. மேல் வளையம் மூடியிருந்தது. கீழ்க்கோடு இடப்புறம் வளைந்து, மேலே ஏறாமல் நின்றிருந்தது. அதனை மூடியதுபோல் காட்டியது தாளில் இருந்த பழுப்புக் கறை. ஒன்பது.

நான் எட்டு என்று சொன்னது அதுவரை தலைமையாசிரியரின் கடிதத்தில் ஏறவில்லை. ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என எண்ணிப் பார்த்து அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சான்றளித்த படியையும் பெரிதாக்கிய படத்தையும் பெரியவர் எடுத்துச் சென்று விண்ணப்பத்தோடு கொடுத்திருக்கிறார். விடை இன்னும் வரவில்லை. சென்ற வாரம் மீண்டும் வந்தார். "சார், என் தங்கச்சியும் இங்கதான் படிச்சது, அறுபத்தாறுல சேர்ந்துச்சு. அது பேரும் இருக்கான்னு பாருங்களேன்" என்றார். அது இரண்டாம் பதிவேடு. கரையான் அரித்தது, தொட்டாலே உதிர்கிறது. வில்லையை ஈரமுறிஞ்சும் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை அந்த ஏட்டைத் திறக்கவிருக்கிறேன்.