மண்ணுக்குள் இருந்த தவளை

1978-ல் நாங்கள் கே.கே. நகருக்குக் குடி வந்தபோது, மழை பெய்தால் விடிய விடியத் தவளைக் கச்சேரிதான். சுற்றிலும் காலி மனைகள், அவற்றில் குட்டை குட்டையாகத் தண்ணீர். “இதுகளை யாராவது விரட்டக் கூடாதா?” என்று என் அப்பா புலம்புவார். போன ஐப்பசி மழையில் ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தேன். பக்கத்து அடுக்குமாடியில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் சத்தம் மட்டும்தான். அன்று கத்தியவை எத்தனை வகை என்றுகூட எனக்குத் தெரியாது.

அப்போது 2003-ல் பேப்பரில் படித்த ஒரு செய்தி ஞாபகம் வந்தது. கேரளாவில் இடுக்கிப் பக்கம் கிடைத்த ஒரு தவளையை எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தைச் சேர்ந்த பிராங்கி போசைட்டும் ‘நேச்சர்’ இதழில் அறிவித்திருந்தார்கள். ஊதா நிறம், உப்பிய உடம்பு, பன்றி மாதிரி மூக்கு. வருஷம் பூராவும் மண்ணுக்குள் கறையான் தின்று வாழும். மழை தொடங்கும்போது இனம் பெருக்கச் சில நாள் மேலே வரும், அவ்வளவுதான். அதற்கு நெருங்கிய சொந்தங்கள் இருப்பது கடல் தாண்டி சீஷெல்ஸ் தீவுகளில்! இந்தியாவும் அந்தத் தீவுகளும் ஒரே நிலமாக இருந்த காலத்து உறவு அது.

வேடிக்கை என்னவென்றால், இதன் தலைப்பிரட்டையைப் பற்றிய விவரம் 1918-லேயே அச்சேறிவிட்டது. தாய் எது என்று தெரிய 85 வருஷம் ஆனது. அந்த மலைகளில் வாழும் பழங்குடி மக்களோ, ஓடைப் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தலைப்பிரட்டைகளைப் பிடித்துச் சமைத்துச் சாப்பிட்டு வந்தவர்கள். நமக்குத்தான் அது புதிது.

சரி, இந்த இனத்தில் இது ஒன்றுதான் என்று இருந்தார்கள். 2017-ல் இரண்டாவது ஒன்றை அறிவித்தார்கள். இந்த முறை நம் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தில், மலையின் கிழக்குச் சரிவில். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். மரபணுவும் குரலும் வேறு. அதற்கு ‘பூபதி’ என்று பெயர் வைத்தார்கள். கோயம்புத்தூர் சலீம் அலி மையத்தில் ஊர்வனவற்றையும் தவளைகளையும் ஆராய்ந்த டாக்டர் சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக வைத்த பெயர். 2014-ல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக்குப் போன இடத்தில் ஏற்பட்ட விபத்தில் அவர் காலமாகிவிட்டார். தன் பெயரில் ஒரு தவளை இருப்பது அவருக்குத் தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாளைச் சேவிக்க நாலைந்து தடவை போயிருக்கிறேன். மேற்கே மலை நன்றாகத் தெரியும். பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.